ஆன்லைன் ஏலத்தில் மலிவாக வாங்குவது எப்படி: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆன்லைன் ஏலத்தில் கடைசி நிமிடத்தில் யார் விரல் வேகமாக ஓடுகிறதோ அவருக்குத்தான் சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மலிவு ஏலம் தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. சரக்கை நேரில் போய்ப் பார்த்தீர்களா, அது உங்கள் கைக்கு வரும்போது என்ன அடக்கமாகும் என்று எழுதிப் பார்த்தீர்களா, இந்த இரண்டும்தான் தீர்மானிக்கிறது. பட்டன் அழுத்துவது கடைசி வேலை.

இந்த விஷயத்தில் வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. துறைமுகம் பக்கத்தில். கன்டெய்னர்களை இறக்கி வைக்கும் சரக்கு நிலையங்கள் மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் நிறைய. பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள். மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சுற்றித் தொழிற்சாலைகளும். இங்கே கிடக்கிற ஒரு லாட்டை, அதாவது மொத்தமாக ஏலம் விடும் ஒரு தொகுதிச் சரக்கை, விலை கேட்க நினைக்கும் வெளியூர்க்காரர் படத்தை மட்டும் பார்த்துக் கேட்க வேண்டும், இல்லையென்றால் ரயில் ஏறி வர வேண்டும். தண்டையார்பேட்டையில் இருந்து நீங்கள் வண்டியை எடுத்தால் சீக்கிரமே அந்தச் சரக்கு கிடக்கும் யார்டின் கேட்டில் நிற்கலாம். சரக்கைத் தூக்கி வரும் வாடகையும் உங்களுக்குத்தான் குறைவு. இந்த இரண்டு வசதியையும் விலையாக மாற்றத் தெரிந்தால் போதும்.

முதலில், எந்த ஏலம் என்று முடிவு செய்யுங்கள்

"ஆன்லைன் ஏலம்" என்ற ஒரே பெயரில் ஐந்தாறு விதமான சந்தைகள் ஓடுகின்றன. எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டாம். ஒன்றை எடுத்து அதில் தேறிய பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

தவணை கட்டாததால் பறிமுதல் செய்யப்பட்ட வண்டிகளை வங்கிகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் ஏலம் விடுகின்றன. புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பொருள் நமக்குத் தெரிந்த பொருள், தெருவுக்குத் தெரு மெக்கானிக் இருக்கிறார், செகண்ட் ஹேண்ட் விலை எவ்வளவு என்று விசாரிப்பதும் எளிது.

அரசு நிறுவனங்களின் பழைய இயந்திரம், இரும்பு, மேசை நாற்காலி, கழித்துவிட்ட வாகனங்கள் ஆகியவை பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. வழியாக ஏலத்துக்கு வருகின்றன. 1964-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் அது. ரயில்வே தன்னுடைய ஸ்கிராப்பை ஐ.ஆர்.இ.பி.எஸ். என்ற சொந்தத் தளத்தில் விற்கிறது. காயலான் கடை வைத்திருப்பவர்களுக்கு இவை இரண்டும் பழகிய இடம். தனி ஆளாகப் போகிறவர் சின்ன லாட்டுகளாகப் பார்த்துப் போகலாம்.

சுங்கச் சரக்கு ஏலம் அடுத்தது. இறக்குமதியான சரக்கை 30 நாளுக்குள் யாரும் விடுவிக்கவில்லை என்றால், இறக்குமதியாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதியோடு அதை விற்க 1962-ஆம் வருட சுங்கச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு வழி செய்கிறது. சரக்கு நிலையங்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் டைல்ஸ், துணி, உதிரி பாகங்கள், காகிதம் எல்லாம் இப்படித்தான் ஏலத்துக்கு வருகின்றன. லாட்டுகள் பெரிதாக இருக்கும், தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்தால் முடியும். காசிமேட்டில் ஒருவர் பெயரில் மீன் ஏலம் எடுத்து, கரையிலேயே நான்கு பேர் கூடை கூடையாகப் பிரித்துக்கொள்வதைப் போலத்தான் இதுவும். பணமும் பங்கும் முன்கூட்டியே காகிதத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வங்கிகள் விற்கும் வீடு, மனை ஏலங்கள் தனி உலகம். அதில் முதல் அடி வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஏலம் கிடைத்தால் விலையில் 25 சதவீதத்தை அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதியை, விற்பனை உறுதியானதில் இருந்து 15 நாளில் கட்ட வேண்டும். தவறினால் கட்டிய பணம் போய்விடும். அதோடு, வீட்டின் சாவி வங்கியின் கையில் இருக்கிறதா, காகிதத்தில் மட்டும்தான் வங்கியின் வசம் இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் எடுத்தவர்கள், உள்ளே குடியிருப்பவரைக் காலி செய்ய வருடக்கணக்கில் அலைகிறார்கள். வில்லங்கச் சான்றை வக்கீலிடம் காட்டாமல் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

கடைசியாக, வெளிநாட்டு ஏலத் தளமான ஈபே. அதைத் தனியாகப் பார்ப்போம்.

பதிவும் முன்பணமும்

பான் கார்டு, முகவரிச் சான்று, உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, தொழிலுக்காக வாங்கினால் ஜி.எஸ்.டி. எண். பெரும்பாலான தளங்களுக்கு இவை போதும். சில அரசு ஏலங்களுக்கு டிஜிட்டல் கையெழுத்தும் வேண்டும். கணக்கு சரிபார்க்கப்பட்டு வர நாளாகும். அதனால் சரக்கைப் பார்த்த பிறகு பதிவு செய்ய ஓடாமல் முன்பே செய்து வையுங்கள்.

ஏலத்தில் கலந்துகொள்ள முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியிருக்கும். கிடைக்காதவருக்கு அது திரும்பி வரும். கிடைத்த பிறகு பின்வாங்கினால் வராது. அந்தத் தொகை திரும்பி வரச் சில நாட்கள் ஆகும் என்பதால் வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். "சுங்கத் துறை பிடித்த ஐபோன், ஐந்தாயிரம் ரூபாய்தான், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் இப்போது அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது ஏமாற்று வேலை. சுங்கத் துறை தனி மனிதரின் ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்கிப் பொருள் விற்பதில்லை. யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொடாமல் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணத்தை வங்கியில் முடக்கி வைக்க வாய்ப்பு.

ஒவ்வொரு முறை விலை கேட்பதற்கும் கட்டணம் வாங்கும் ஏலத் தளங்களும் உண்டு. தொடவே வேண்டாம்.

நிபந்தனைகளைப் படிப்பது

ஏலப் பட்டியலோடு ஒரு நிபந்தனைத் தாள் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் திறப்பதே இல்லை. அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, "எங்கே இருக்கிறதோ அங்கே, எப்படி இருக்கிறதோ அப்படியே" என்ற பொருளில் ஒரு வரி. அது இருந்தால் பிறகு எந்தப் புகாரும் எடுபடாது. இரண்டு, விலையின் மேல் என்னென்ன ஏறும்: ஜி.எஸ்.டி., ஏலக் கட்டணம், யார்டு வாடகை. மூன்று, அதிக விலை கேட்டவருக்கு உடனே உறுதியாகிறதா, விற்பவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டுமா. ஒப்புதலுக்கு உட்பட்ட லாட் என்றால், நீங்கள் ஜெயித்தும் அவர் வேண்டாம் என்று சொல்லலாம். நான்கு, எத்தனை நாளுக்குள் சரக்கை எடுத்தாக வேண்டும். நாள் தாண்டினால் வாடகை ஏறும், ரொம்பத் தாண்டினால் சரக்கும் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய பேட்டரி, கழித்த கம்ப்யூட்டர், கழிவு எண்ணெய் போன்ற லாட்டுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி உள்ளவர்கள்தான் எடுக்க முடியும். விலை குறைவாக இருக்கிறதே என்று முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

நேரில் பார்ப்பது

பட்டியலில் பார்வையிடும் நாளும் நேரமும் தொடர்பு எண்ணும் இருக்கும். போன் செய்துவிட்டு ஆதாரோடு போங்கள். காலையில் போவது நல்லது, கூட்டம் சேர்வதற்குள் நிதானமாகப் பார்க்கலாம். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். "அண்ணே, அரை நாள் வாங்க" என்று கூப்பிட்டு அவருடைய அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் செலவுகளில் கொஞ்சமும் வீணாகாத செலவு அதுதான்.

பைக் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஸ்டார்ட் செய்ய விடமாட்டார்கள். சாவி இல்லாத வண்டிகளும் இருக்கும். அப்போது கண்ணும் கையும்தான். சீட்டைத் தூக்கி அடியில் உள்ள போல்டுகளைப் பாருங்கள். வெளியில் பளபளவென்று இருக்கும் வண்டியில் அந்த போல்டுகள் மட்டும் செங்கல் நிறத்தில் துருப்பிடித்திருந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் பக்கத்தில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்பது உங்களுக்கே தெரியும். ஹெட்லைட் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு மெல்லிய சேற்றுக்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்க விட்டால் விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள், வண்டல் விரலில் ஒட்டும். ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சை போல ஏதாவது படிந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். எலெக்ட்ரிக்கல் வேலைக்கு முடிவே இருக்காது.

அப்புறம் ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று முன்னால் நின்று நேராகப் பாருங்கள். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து வண்டி எண்ணை அரசின் பரிவாகன் தளத்தில் போட்டால் இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது, கடன் பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் வரும். இ-சலான் தளத்தில் பாக்கி அபராதத்தையும் பாருங்கள். வேறு மாவட்டத்து வண்டி என்றால் அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வேண்டியிருக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டையின் டி.என். 03 வண்டி என்றால் அந்த அலைச்சல் மிச்சம்.

இரும்பு, இயந்திரம் போன்ற லாட்டுகளில் பார்க்க வேண்டியது வேறு. மேலே நல்ல மோட்டாரை வைத்து அடியில் வெறும் தகரத்தை அடுக்கியிருப்பார்கள். குவியலைச் சுற்றி வந்து பின்பக்கம் பாருங்கள். எடைக் கணக்கில் விற்கிறார்களா, மொத்தமாக விற்கிறார்களா, எடைபோடுவது எந்த எடைமேடையில் என்று கேளுங்கள். கிரேன் உள்ளே வர வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

யார்டுக்குப் போய்வந்தால் தெரியும், எந்த லாட்டில் கூட்டம் இல்லை என்று. படம் மங்கலாக இருப்பது, விவரம் ஒற்றை வரியில் முடிவது, பலவகைச் சாமான் கலந்து கிடப்பது, ஏற்கெனவே ஒருமுறை விற்காமல் திரும்பி வந்தது. இப்படிப்பட்ட லாட்டுகளை வெளியூர்க்காரர் தொடத் தயங்குவார். நீங்கள் பார்த்துவிட்டு வந்தவர், தயங்கத் தேவையில்லை. வடசென்னைக்காரருக்கு நிஜமான மலிவு கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

யார்டு வாசலில் சிலர் பேச்சுக் கொடுத்து "நீங்க ஒதுங்கிக்கோங்க, உங்களுக்கு ஒரு தொகை தர்றோம்" என்பார்கள். சிண்டிகேட் என்று இதற்குப் பெயர். வாங்கவும் வேண்டாம், சேரவும் வேண்டாம். மாட்டினால் தளமே உங்களைத் தடை செய்துவிடும்.

அடக்க விலைக் கணக்கு

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சொல்வார்கள். ஏலத்தில் நஷ்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் அந்த முக்கால் பணத்தை எழுத மறந்தவர்கள்.

ஒரு 125 சிசி பைக், செகண்ட் ஹேண்ட் கடையில் 60,000 ரூபாய் போகும் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களைப் போடுங்கள். ஏலத்தில் 38,000-க்குக் கிடைத்தது. 22,000 லாபம் என்று தோன்றும். இப்போது எழுதுவோம். ஏலக் கட்டணமும் வரியும் 3,000. குட்டி யானை வாடகை 1,200. பேட்டரி, பின் டயர், சாவி, சர்வீஸ் 7,500. இன்சூரன்ஸ் 2,000. பெயர் மாற்றச் செலவு 2,000. பாக்கி அபராதம் 1,000. கூட்டினால் 16,700. வண்டியின் அடக்கம் 54,700. ஆக மிச்சம் 5,300 ரூபாய்தான். கடையில் எடுத்தால் ஓட்டிப் பார்த்து எடுக்கலாம், ஏதாவது என்றால் கடைக்காரரிடம் போய் நிற்கலாம். அந்த நிம்மதிக்கு 5,300 ரூபாய் கொடுப்பது நியாயம்தான்.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். வெளி விலை 60,000. ஓட்டிப் பார்க்காமல் வாங்கும் ஆபத்துக்காக அதில் 20 சதவீதத்தைக் கழியுங்கள், 48,000. அதில் மற்றச் செலவு 16,700-ஐக் கழித்தால் 31,300. நீங்கள் கேட்க வேண்டிய உச்ச விலை அதுதான். ஒரு தாளில் எழுதி மொபைலுக்குப் பக்கத்தில் வையுங்கள். முடிந்தால் வீட்டில் இன்னொருவரிடம் அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

20 சதவீதம் எதற்கு என்று கேட்கலாம். 1971-இல் மூன்று எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள், கடலடி எண்ணெய்ப் பகுதிகளின் ஏலங்களை ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார்கள். சரக்கின் உண்மை மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாதபோது, ஏலத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் மதிப்பை அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவர்தான். ஓட்டிப் பார்க்க முடியாத பைக்கும் அந்த வகைதான். ஜெயித்தவர் நீங்கள் என்றால், மற்ற எல்லாரும் அந்த வண்டிக்கு உங்களைவிடக் குறைவாகத்தான் மதிப்புப் போட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியை முன்கூட்டியே கழித்துவைப்பதுதான் இந்த 20 சதவீதம்.

கேட்கும் நாள்

ஏலம் எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்து உங்கள் நடையும் மாற வேண்டும்.

ஈபே போன்ற தளத்தில் குறித்த நொடியில் ஏலம் முடியும். எம்.எஸ்.டி.சி. போன்ற தளங்களில் கடைசி நிமிடங்களில் யாராவது விலை கேட்டால் நேரம் தானாக நீளும். ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஈபே ஏலங்களையும், அந்தக் காலத்தில் நேரம் நீளும் முறையில் அமேசான் நடத்திய ஏலங்களையும் ஒப்பிட்டு 2002-இல் எழுதினார்கள். நேரம் நீளாத ஈபேயில்தான் கடைசி நேரத்தில் விலை கேட்பது அதிகம் என்பது அவர்கள் கண்டது. நேரம் நீண்டுகொண்டே போகிற இடத்தில் கடைசி நொடி என்ற ஒன்றே கிடையாது.

அதனால் நீளும் ஏலத்தில் அவசரப்பட்டு முதலிலேயே விலையை ஏற்றாதீர்கள். ஆரம்பத்தில் சும்மா கவனியுங்கள். பிறகு குறைந்தபட்ச ஏற்றத்தில் மட்டும் நகருங்கள். தாளில் எழுதிய எண் வந்ததும் லாக் அவுட் செய்துவிடுங்கள். "இன்னும் ஐநூறுதானே" என்று பத்து முறை ஏற்றினால் அது ஐயாயிரம். கரண்ட் போனாலும் நெட் போகாமல் இருக்க வைஃபையோடு மொபைல் டேட்டாவும் தயாராக இருக்கட்டும்.

ஈபே: சிறிய, லேசான, பழைய பொருட்களுக்கு

ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இப்போது அமெரிக்க, பிரிட்டிஷ் தளங்களில் இந்தியாவுக்கு அனுப்பச் சம்மதிக்கும் விற்பனையாளர்களிடம் வாங்கலாம். தபால் செலவும் சுங்க வரியும் சேர்வதால் கனமான பொருளுக்குக் கட்டுப்படியாகாது. பழைய லேப்டாப், கம்ப்யூட்டர் போன்றவற்றை அப்படி இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு இருக்கிறது, விட்டுவிடுங்கள். தபால்தலை, நாணயம், பேனா, பழைய பட அஞ்சலட்டை போன்றவைதான் பொருத்தம்.

அஞ்சலட்டையையே எடுத்துக்கொள்வோம். பழைய மெட்ராஸ் துறைமுகம், பாரிமுனை, 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் போன்ற படங்கள் வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் கிடைப்பதுண்டு. விற்பவருக்கு ஊரைத் தெரியாது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை என்ற பெயர்களை ஆங்கிலத்தில் விதவிதமாக எழுதுவார். சில சமயம் "இந்தியா, கப்பல்" என்று மட்டும் போட்டிருப்பார். எல்லா எழுத்து வடிவங்களிலும் தேடிப் பாருங்கள். தப்பான எழுத்தில் இருக்கும் பொருளை வேறு யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள், போட்டியே இருக்காது. படத்தைப் பார்த்ததும் இது எந்த இடம் என்று சொல்லத் தெரிந்தவர் நீங்கள்.

விலை தெரிய, விற்பனைக்கு இருப்பவற்றைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் தேடல் வடிகட்டியை (ஃபில்டர்) போடுங்கள். கேட்கும் விலை ஆசை, விற்ற விலைதான் சந்தை.

ஈபேயில் உங்கள் உச்ச விலையை ஒரே முறை கொடுத்தால் போதும், தளமே உங்களுக்காகத் தேவையான அளவு மட்டும் ஏற்றும். நீங்கள் 60 டாலர் என்று கொடுத்து, அடுத்தவரின் உச்சம் 40 என்றால் நீங்கள் கட்டுவது 41. அதனால் குறைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, மனதில் உள்ள உண்மையான உச்சத்தைக் கொடுங்கள். ஆனால் அதைக் கடைசிப் பத்து நொடியில் கொடுங்கள். முன்பே கொடுத்தால் மற்றவர்கள் உங்களைச் சீண்டிச் சீண்டி ஏற்றிவிடுவார்கள்.

நம் கடிகாரமும் இங்கே உதவும். அமெரிக்க மேற்குக் கரையில் நள்ளிரவு தாண்டி 3 மணி என்றால், அவர்கள் கோடைக்கால நேரக் கணக்கில் நமக்கு மதியம் மூன்றரை. அவர்கள் தூங்கும் நேரத்தில் முடியும் ஏலங்களை நாம் டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். விற்பனையாளரின் பின்னூட்டங்களில் குறை சொன்னவற்றை மட்டும் படியுங்கள், தபாலில் கண்காணிப்பு எண் உண்டா என்று கேளுங்கள்.

ஜெயித்த பிறகு

அன்றே பணத்தைக் கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுக்க அனுமதிக்கும் கடிதம்) வந்ததும் யார்டுக்குப் போகும் முன் போன் செய்து, ஆள் இருக்கிறாரா, எத்தனை மணி வரை கேட் பாஸ் கொடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கை ஏற்றும் முன் வீடியோ எடுங்கள். பட்டியலில் உள்ள சேசிஸ் எண்ணும் கண்ணெதிரே உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். வேறாக இருந்தால் ஏற்றாமல் அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

வண்டிக்குக் கம்பெனியிடம் இருந்து வாங்க வேண்டியவை: விற்பனைக் கடிதம், கடன் நீக்கத்துக்கான படிவம் 35, பெயர் மாற்றத்துக்கான 29, 30. ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) கடன் வாங்கிய பழைய உரிமையாளரின் கையிலேயே நின்றுபோயிருந்தால், கம்பெனி படிவம் 36 கொடுத்துத் தன் பெயரில் புது ஆர்.சி. வாங்க வேண்டும், அதன் பிறகுதான் உங்கள் பெயருக்கு மாறும். இதற்கு எவ்வளவு நாளாகும் என்று ஏலத்துக்கு முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் உங்கள் பெயருக்கு வரும் வரை வண்டியைத் தெருவில் ஓட்டாதீர்கள், குட்டி யானையிலேயே மெக்கானிக் கடைக்குப் போகட்டும்.